சுக்கான் கல்லும் என் ஓரகத்தியும்

என் கொழுந்தனுக்குப் பெண் பார்த்தபோது, பெண் பி.ஏ. படித்தவள் என்று சொன்னார்கள். அதுவும் பூகோளம். மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துவிட்டு டீச்சர் டிரெயினிங்கும் முடித்திருந்தாள். மாமியாருக்குக் கொஞ்சம் தயக்கம். "படிச்ச பிள்ள வந்தா வீட்டுக்கு அழகுதான அத்தை" என்று எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைத்தது நான்தான். அதைப் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

செங்கோட்டை நம் மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். தென்காசியில் கோயிலுக்குத் தெற்கே எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கொழுந்தன் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. எனக்கு ஒரே மகள், எட்டு வயசு. அவளுக்கு அப்புறம் பிறந்தது எதுவும் தங்கவில்லை. அதனால் அவளை நான் இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தேன் என்றே சொல்லலாம்.

என் ஓரகத்தி வந்த மூன்றாம் மாதம், என் மகள் படித்த பள்ளிக்கூடத்திலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. காலையில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். சாயங்காலம் கையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் "எம்மா" என்று கத்திக்கொண்டே அடுப்படிக்கு ஓடி வருகிற பிள்ளை, இப்போது வாசலிலேயே நின்று அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும். உள்ளே வந்தால் எதை எடுத்தாலும் "சித்தி சொன்னா". மழை ஏன் பெய்யுது, சித்தி சொன்னா. வயிற்றுக்குள் சோறு எங்கே போகுது, சித்தி சொன்னா. சோறு போட்டவள் நான். அது எங்கே போகிறதென்று சொன்னவள் அவள்.

எனக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் அப்பா சுண்ணாம்பு வியாபாரி. சுந்தரபாண்டியபுரம் போகிற பாதையில் சுண்ணாம்பு சுடுகிற காளவாசல் வைத்திருந்தார். கிழக்கே கரிசல் காட்டிலிருந்து சுக்கான் கல் வண்டி வண்டியாக வரும். சாம்பல் நிறத்தில், இஞ்சிக் கிழங்கு மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கும். அதையும் கரியையும் ஒன்று மாற்றி ஒன்றாக அடுக்கிச் சுடுவார்கள். வெந்த கல் எடை குறைந்து, தக்கை போலாகிவிடும். அதில் தண்ணீர் விட்டால் புஸ்ஸென்று சீறி, வெடித்து, வெள்ளை மாவாக உதிரும். சுண்ணாம்பு நீற்றுவது என்பார்கள்.

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சின்னப் பிள்ளையில் காளவாசல் பக்கம் போனாலே அப்பா விரட்டுவார். "பொம்பளப் பிள்ளைக்கு இங்கன என்ன சோலி? வீட்டுக்குப் போட்டி" என்பார். நான் போவதுபோல் போய், தூரத்தில் ஒரு உடைமரத்துக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். ஒருநாள் நீற்றும் தொட்டியைக் குனிந்து பார்த்த வேலைக்காரர் ஒருவர் கண்ணில் சுண்ணாம்பு தெறித்ததை அங்கிருந்துதான் பார்த்தேன். தண்ணீர் விட்டுக் கழுவாமல் எண்ணெயை விட்டார்கள்; அவருடைய ஒரு கண் பால் பூத்தது போல வெளுத்துப் போயிற்று. எட்டாம் வகுப்போடு என் படிப்பும் நின்றது. கல்யாணமாகி வந்தபின் என்னிடம் கல்லைப் பற்றிக் கேட்க யார் இருந்தார்கள்?

அந்த ஆனியில் சாரல் நன்றாகப் பிடித்ததும், குடும்பத்தோடு குற்றாலத்துக்குப் போனோம். பேரருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பசியோடு மரத்தடியில் புளிச்சோற்று மூட்டையைப் பிரிக்கிறேன், மகளைக் காணோம். ஓரகத்தியையும் காணோம். தேடிப் போனால், அருவித் தண்ணீர் ஓடிப்போய்ச் சற்று அடங்குகிற இடத்தில், ஈரத் துணியோடு குத்தவைத்து இரண்டு பேரும் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். சித்தி கையில் ஒரு கண்ணாடிப் பாட்டில். அதில் பாதிக்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் நிரப்பி, மூடி, குலுக்கி, ஒரு கல் மேல் வைத்தாள்.

"இப்ப பாரு. எது முதல்ல இறங்குது?"

"கூழாங்கல்லு."

"அடுத்தது?"

"மணலு... சித்தி, மேல இன்னும் கலங்கியே கெடக்கு."

"அதுதான் வண்டல். அது இறங்க ரெண்டு நாளாகும். ஆறும் இதைத்தான் செய்யுது. வேகமா வரும்போது எல்லாத்தையும் அடிச்சிட்டு வரும். வேகம் குறையக் குறைய, கனமானதை முதல்ல போட்டுட்டுப் போகும். இந்தச் சிற்றாறு தாமிரபரணியில சேந்து கடலுக்குப் போகுதுல்லா, அங்கன போய் மிச்சத்தையெல்லாம் இறக்கும். அதுக்கு மேல அடுத்த வருஷ மண்ணு. அதுக்கு மேல அதுக்கடுத்த வருஷ மண்ணு. அடியில இருக்கது பாரத்துல நசுங்கி, தண்ணியெல்லாம் பிழிஞ்சு போய், நடுவுல சுண்ணாம்பு பசை மாதிரி ஒட்டிக்கிட்டா கல்லாயிரும். கோடிக்கணக்கான வருஷம் ஆகும்."

"அப்ப அருவி விழுத அந்தப் பாறையும் இப்படித்தான் ஆச்சா?"

"இல்லட்டி. அது பூமிக்கு அடியில வெந்து உருவானது, ரொம்பக் கெட்டி. அது தேஞ்சு மண்ணாகி, ஆத்தோட போய்ப் படிஞ்சு, மறுபடியும் கல்லாச்சுன்னா அது வேற கல்லு. படிவுப் பாறைன்னு பேரு."

என் மகள் வாயைத் திறந்து பேரருவிப் பாறையை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் என்னைப் பார்த்து ஒருநாளும் பார்த்ததில்லை. "சோறு ஆறுதுட்டி, வா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் பலமாகவே இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. பிள்ளை கையைத் தடவிக்கொண்டே வந்தது.

அந்தப் பாட்டில் எங்கள் வீட்டு ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. காலையில் எழுந்ததும் மகள் அதைத்தான் பார்ப்பாள், கண் விழித்து என் முகத்தில் முழிக்க மாட்டாள்.

அடுத்த வருஷம் ஓரகத்தி தன் சம்பளத்தில் அடுப்படிக்குக் கடப்பாக்கல் வாங்கிப் போட்டாள். கன்னங்கரேலென்று, முகம் பார்க்கிற மாதிரி வழவழப்பு. "அக்கா, நீங்கதான கெடந்து கஷ்டப்படுதீங்க, சாமான் வைக்க வசதியா இருக்கும்" என்றாள். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். நல்ல மனசோடு அவள் எதைச் செய்தாலும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. என் அடுப்படியில் நான் தொடுகிற இடமெல்லாம் அவள் கல். மாமியார் வருகிறவர்களையெல்லாம் உள்ளே கூட்டி வந்து காட்டினார்கள்.

கடப்பாக்கல்லில் புளிப்புப் பட்டால் வெளுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது, எலுமிச்சம்பழம் ஒன்றை வெட்டி, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்துப் பிழிந்துவிட்டு, கொல்லைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்து துடைத்தபோது, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் தடம். ஊறுகாய் போட்டபோது சிந்திவிட்டது என்று சொல்வதாக எண்ணம்.

சாயங்காலம் வந்து அவள் பார்த்தாள். முகம் வாடும் என்று காத்திருந்தேன். அவளோ, "ஏட்டி, ஓடியா ஓடியா" என்று என் மகளைக் கூப்பிட்டாள். கல்லின் ஓரத்தைக் கத்தியால் சுரண்டி, அந்தப் பொடியில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பொடி சின்னச் சின்னதாக நுரைத்தது. இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள்.

"பாத்தியா? இதுவும் சுண்ணாம்புக் கல்லுதான். கடல்ல படிஞ்சது. புளிப்புப் பட்டா நுரைக்கும். ஓரத்தைப் பாரு, நோட்டுப் புஸ்தகத்தை அடுக்கின மாதிரி ஏடு ஏடா இருக்கா? அதனாலதான் பலகையாப் பிளக்க முடியுது."

பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல வேளை சிந்துனீங்க அக்கா" என்றாள்.

இப்படியே இரண்டு மூன்று வருஷம் போயிற்று. மகளுக்குப் பதினொரு வயசானபோது, பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். கல் உருவாகும் விதமும் கல்லின் உபயோகமும் என்று ஒரு மேஜை, என் மகள் பொறுப்பு. சித்தியும் மகளும் தூத்துக்குடிச் சிப்பி, மணல், களிமண், சிமெண்டு, சாக்பீஸ் என்று தேடிச் சேர்த்தார்கள். கடைசியில் காளவாசலைப் பார்க்கவேண்டும் என்றார்கள்.

"எம்மா, தாத்தாட்ட கூட்டிட்டுப் போயேன்" என்று மகள் கேட்டாள். சித்தி வந்தபிறகு என்னிடம் அவள் கேட்ட முதல் உதவி. ஆனால் கதவோரம் ஓரகத்தி புன்சிரிப்போடு நிற்கிறதைப் பார்த்ததும் என் மனசு சுருங்கிவிட்டது.

"தாத்தா பொம்பளைங்கள அங்கன விடமாட்டாவ. நானே போனதில்ல" என்று சொல்லிவிட்டேன்.

முழுப் பொய்யில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே மகளைக் கூட்டிக்கொண்டு நேராக என் அப்பாவிடம் போய்விட்டாள். சாயங்காலம் தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு திரும்பி வந்த மகள், மூச்சு விடாமல் சொன்னாள். தாத்தா நாற்காலி போடச் சொன்னாராம். இளநீர் வெட்டிக் கொடுத்தாராம். காளவாசல் மேலேயே ஏற்றி, வாய்க்குள் எட்டிப் பார்க்க வைத்தாராம்.

"தாத்தா சொன்னாவ, போன வருஷம் பொறுக்கின காட்டுலயே இந்த வருஷமும் கல்லு கெடக்குமாம். 'சுக்கான் விளையுதம்மா'ன்னு சொன்னாவ. சித்தி அது சரிதான்னு சொன்னா. மழத்தண்ணி மண்ணுல இருக்க சுண்ணாம்பக் கரச்சி உள்ள கொண்டு போகுமாம். வெயில்ல தண்ணி வத்திரும், சுண்ணாம்பு மட்டும் தங்கிரும். சேந்து சேந்து உருண்டையாகுமாம். தாத்தாவுக்கு ஒரே சந்தோஷம்!"

என் அப்பா சொன்னது சரி என்று சொல்ல இவள் யார்? என்னை உடைமரத்தடியில் நிற்க வைத்த மனுஷர் இவளுக்கு நாற்காலி போட்டாரா? மறுநாளே அப்பா வீட்டுக்குப் போனேன்.

"என்னைய ஒருநாளாவது ஏத்திக் காட்டுனியளா?" என்று கேட்டேன்.

அப்பா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். விளங்காதவர் போல என்னைப் பார்த்தார். "அவ டீச்சர்லா. கேள்வி கேக்கா. நீ எப்ப கேட்ட?"

வீடு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். அந்த அழுகை அப்பா மேல் வந்ததுதான், ஆனால் வீட்டுக்குள் நுழைகிறபோது அது முழுக்க என் ஓரகத்தி மேல் திரும்பியிருந்தது.

கண்காட்சி அன்று காலையில், அப்பா கொடுத்தனுப்பிய சுட்ட கல்லை அவர்கள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் முன்னால் நீற்றிக் காட்டப் போகிறார்களாம். வாய் குறுகிய ஒரு கலயத்தில், கழுத்து வரைக்கும் கல்லை அடைத்திருந்தார்கள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீற்றுவதற்கு அகலமான தொட்டி வேண்டும். கல் கொஞ்சமாகப் போட வேண்டும். விலகி நிற்க வேண்டும். அடைத்து வைத்துத் தண்ணீர் விட்டால் கொதித்துப் பீறிடும். அதிலும் சில கல் உடனே தண்ணீர் குடிக்காது, சும்மா கிடப்பது போலக் கிடந்து திடீரென்று சீறும்.

சொல்ல வாயெடுத்தேன். "அக்கா, அந்தத் துணியை எடுங்க" என்று அவள் என்னைப் பாராமலே கையை நீட்டினாள். துணியை எடுத்துக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டேன். பொங்கி மேஜையெல்லாம் வழியட்டும், பி.ஏ. படித்தவள் பத்துப் பேர் முன்னால் முழிக்கட்டும் என்று நினைத்தேன். பிள்ளை குனிந்து பார்ப்பாள் என்று நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதினோரு மணிக்கு நானும் போனேன். மேஜையைச் சுற்றிக் கூட்டம். என் மகள் கொஞ்சமும் பயமில்லாமல் பேசினாள். ஆறு மண்ணைக் கொண்டுபோவது, கடலில் சிப்பி செத்துப் படிவது, படிந்தது கல்லாவது, அந்தக் கல் வீட்டுச் சுவரில் வெள்ளையாகவும் வெற்றிலையில் சுண்ணாம்பாகவும் கட்டடத்தில் சாந்தாகவும் வந்து சேர்வது, எல்லாம் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையிலும் பாதி எனக்கு உரியதில்லை என்று உறுத்தியது. "இப்ப பாருங்க" என்று சொல்லி, கலயத்தில் தண்ணீரை ஊற்றினாள்.

ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் காத்திருந்தது. பெரிய டீச்சர், "என்னம்மா, ஒண்ணையும் காணோமே" என்று சிரித்தார்கள். என் மகள் முகம் சிவந்துபோய், கலயத்துக்குள் எட்டிப் பார்க்கக் குனிந்தாள்.

"ஏட்டி, வெலகு!" என்று நான் கத்தியதும், ஓரகத்தி பிள்ளையின் சடையைப் பிடித்துப் பின்னால் இழுத்ததும் ஒரே சமயம். இழுத்த வேகத்தில் ஓரகத்தியின் முகம் கலயத்துக்கு நேராக வந்தது. கலயம் சீறி, கழுத்து உடைந்து, கொதிக்கிற வெள்ளைக் குழம்பு அவள் மணிக்கட்டிலும் கன்னத்திலும் இடது கண்ணிலும் அடித்தது.

எல்லோரும் அலறினார்கள். யாரோ எண்ணெய் எண்ணெய் என்றார்கள். நான் அவளை இழுத்துக்கொண்டு வராந்தாவில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினேன். தலையைச் சாய்த்துப் பிடித்து, இமையை விரலால் திறந்து, செம்பு செம்பாக ஊற்றினேன். "கண்ணை மூடாத, மூடாதட்டி, நான் சொல்லுதேன்லா" என்று கத்திக்கொண்டே ஊற்றினேன். தொட்டி வற்றுகிற வரைக்கும் ஊற்றியபின்தான் குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"உடனே தண்ணி விட்டது யாரு? அவங்களாலதான் கண் தப்பிச்சுது" என்றார் டாக்டர். ஊர் முழுக்க அதுவே பேச்சு. காளவாசல்காரர் மகள்லா, அவளுக்குத் தெரியாதா என்றார்கள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "எம்மா, ஒனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் சொல்லு எனக்கு" என்றாள். இத்தனை வருஷம் நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை அது. வந்த அன்றைக்கு அதை என்னால் விழுங்க முடியவில்லை.

நான்காம் நாள் கட்டு மாற்றும்போது, அறையில் நானும் ஓரகத்தியும்தான்.

"காலையிலயே பாத்தேன்" என்றேன்.

"எதை அக்கா?"

"கலயத்தை. வாய் குறுகல், கல்லு அதிகம். வெடிக்கும்னு தெரியும். சொல்லல."

அவள் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். "ஏன்?" என்றாள்.

"பொறாமை" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் கட்டுத் துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "மிச்சத்தை நானே கட்டிக்கிடுதேன்" என்றாள். பிறகு, நான் வாசலைத் தாண்டும்போது, "பிள்ளைக்கு நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்றாள்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு மாசத்துக்கு மேல் என்னிடம் அவள் பேசவில்லை. ஏனென்று யாருக்கும் சொல்லவுமில்லை. கண் குணமாயிற்று. மணிக்கட்டில் தழும்பு நின்றது. பிறகு வேண்டியதற்கு மட்டும் பேசினாள். அடுத்த வருஷம் கொழுந்தனுக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்தது. அவர்கள் வண்டி ஏறிய அன்று என் மகள் அழுத அழுகையைப் பார்த்து, எனக்கு இரக்கம் வந்ததா எரிச்சல் வந்ததா என்று இப்போதும் சொல்ல முடியாது.

மகளிடம் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்த்து, ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருகிற அன்றைக்குச் சொன்னேன். அவள் பெட்டியை அடுக்குவதை நிறுத்தினாள். "சித்தி இழுக்காம இருந்திருந்தா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மூன்று வாரம் கடிதம் இல்லை. சித்திக்கு வாரம் ஒன்று எழுதுகிறாள் என்று கொழுந்தன் சொல்லித் தெரிந்தபோது, செய்த குற்றத்தையெல்லாம் மறந்து மறுபடியும் எனக்கு வயிறு எரிந்தது.

நான்காம் வாரம் ஒரு கார்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி வீட்டில்தான் சாப்பாடு, வருகிற வாரம் நீயும் வா, சித்தியும் வரச் சொன்னாள் என்று நாலு வரி.

முறுக்கும் அதிரசமும் சுட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கதவைத் திறந்தது ஓரகத்திதான். தழும்புள்ள கையால் பையை வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்க அக்கா, வெயில்லயா வந்தீங்க?" என்றாள். அந்த "அக்கா"வைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. உள்ளே என் மகள் தரையில் உட்கார்ந்து, சித்தியின் பழைய புத்தகம் ஒன்றை மடியில் விரித்து வைத்திருந்தாள். ஓரகத்தி போய் அவள் பக்கத்தில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள். பழைய எரிச்சல் அதே இடத்தில், அதே அளவுக்குத் தலை தூக்கியது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகளின் இன்னொரு பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இது என்ன படம்?" என்று கேட்டேன்.